காட்டு மண் என்று சொல்லி நீ கொண்டுவந்தது

என் மகனே,

முந்தாநாள் சாயங்காலம் குழாயடியில் நின்று நீ உன் அப்பாவிடம் பேசியது எனக்குக் கேட்டது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் மண் சலித்துக்கொண்டிருந்தேன். சல்லடைச் சத்தம் நின்றுபோனதை நீங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. "நைனா, அம்மா இன்னாத்துக்கு இவ்ளோ சுளுவா ஒத்துகிச்சு? மன்சுல இன்னாவோ வெச்சுகினு கீது. கோயில்ல ஓலை வாசிக்கிற அன்னிக்கு எழுந்து நின்னு தடை சொல்லிடுமோன்னு பயமா கீது" என்றாய். இந்தக் கல்யாணத்தில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று நம் மாதா கோவில் பூசையில் சாமியார் கேட்கும்போது, பெற்ற தாயே எழுந்து நிற்பாள் என்று நினைத்திருக்கிறாய். உன் அப்பா வழக்கம்போல, "அதெல்லாம் ஒண்ணும் கெடையாதுடா, அதுக்கு வயசாய்ட்சு" என்றார். அப்புறம் நீ குரலைத் தாழ்த்திக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஆவடியில் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாய். அதுவும் கேட்டது. வயதாகிவிட்டது உண்மைதான், காதுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

கோபப்படவில்லை என்று சொன்னால் பொய். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் உன் கேள்வியில் தப்பு இல்லை. பால்காரன் அளக்கும்போது அவன் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறவள் நான். பக்கத்து வீட்டிலிருந்து கிறிஸ்மஸ் கேக் வந்தால், இந்த வருஷம் ஏன் துண்டு பெரிதாக இருக்கிறது என்று யோசிக்கிறவள். அப்படிப்பட்டவள், போன மாதம் நீ கைகளைப் பிசைந்துகொண்டு வந்து, திருவேற்காட்டுப் பெண், பூக்கடைக்காரர் மகள், பெயர் சாந்தி, நம்மைப் போல வேதக்காரர்கள் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்ததும், "சரி, அவங்க ஊட்ல என்னிக்குப் போயி பேசலாம்?" என்று கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? உன் அப்பா கையிலிருந்த டம்ளரையே கீழே போட்டார். தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை. சந்தேகப்பட உனக்கு நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தச் சந்தேகத்தோடு நீ கல்யாணம் செய்துகொண்டு, அதைத் தூக்கிக்கொண்டு ஆவடிக்குக் குடிபோவதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதை ஒளித்து வைத்துப் படிக்க வேண்டாம். வீட்டில் யார் படித்தாலும் சரி.

இது மண்ணில் ஆரம்பித்த விஷயம். அண்ணனூரில் நாம் மனை வாங்கியபோது தரகன் சொன்னது உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது சின்னப் பையன். "செம்மண்ணு பூமிம்மா, கல்ல போட்டாகூட மொளைக்கும்" என்றான். மேலே மட்டும் ஒரு சாண் செம்மண். அதற்குக் கீழே தோண்டினால் சாம்பல் கட்டி, உடைந்த செங்கல், துருப்பிடித்த ஆணி. பள்ளத்தில் எதை எதையோ கொட்டி மேடாக்கி, மேலே மண்ணைத் தூவி விற்றிருந்தார்கள். வைத்த முருங்கைகூட மஞ்சளாகிப் போனது. முருங்கையே வராத மண் எந்த லட்சணம் என்று பார்த்துக்கொள். அதனால்தான் எல்லாவற்றையும் தொட்டியில் வைத்தேன். குரோட்டன்ஸ், ரோஜா, பெரணி, மணி பிளாண்ட் என்று வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும் தொட்டிகள் நின்றன. பங்குத் திருவிழாவுக்குப் பீடத்தை அலங்கரிக்க நம் வீட்டுத் தொட்டிகள்தான் போகும் என்பது தெருவுக்கே தெரியும். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தொட்டிக்கு நல்ல மண் தேடி நான் படாத பாடு பட்டேன். ஏரி வண்டல் என்று வாங்கினால் காய்ந்ததும் பாறை மாதிரி இறுகிப்போகும். எருக்காரன் எரு என்று கொண்டுவந்ததில் பாதி மரத்தூள். அப்போதுதான், எண்பத்தெட்டில், நீ தொழிற்பேட்டையில் அப்ரண்டிசாகச் சேர்ந்த புதிதில், உன் சிநேகிதன் டேவிட்டின் மாமாவுக்குப் பூண்டிக்கு அந்தப் பக்கம் நிலம் இருக்கிறது, அதன் கடைசியில் காடாகவே கிடக்கிறது என்று சொன்னாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும் இரண்டு பேரும் மொபெட்டில் போய் ஒரு மூட்டை மண் கொண்டுவந்தீர்கள். நான் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "காட்டு வாச்சர் பாக்கலியே? சர்க்கார் காடு இல்லியே?" நீ தலையில் அடித்துக்கொண்டாய். பிறகு மூட்டையைப் பிரித்தேன். செம்மண், அதற்குள் கூழாங்கல் போலச் சின்னச் சின்ன சரளை, பாதி மக்கிய இலைகள், மெல்லிய வேர்கள். மோந்து பார்த்தால் மழை நின்ற மறுநாள் வரும் காளான் வாசனை. கையில் பிடித்தால் பிடிபட்டது, விரலால் தட்டினால் உதிர்ந்தது. நான் எதையும் சுலபத்தில் நல்லது என்று சொல்ல மாட்டேன். அதை நல்லது என்றேன்.

அந்த ஆசையில் ஒரு தப்பு செய்தேன். காட்டிலேயே மரம் வளர்க்கிற மண், இதற்கு என்ன பக்குவம் வேண்டியிருக்கிறது என்று மூட்டையை அப்படியே தொட்டிகளில் நிரப்பிச் செடியை மாற்றி வைத்துவிட்டேன். திருவிழா நெருங்கும் நேரத்தில் பெரிய குரோட்டன்ஸ் ஒன்று தலை சாய்ந்தது. பிடித்துத் தூக்கினால் வேரே இல்லாமல் கையோடு வந்தது. அடியில் கரையான். பக்கத்துத் தொட்டியில் கட்டைவிரல் தண்டிக்கு வெள்ளை வெள்ளையாக வண்டுப்புழு சுருண்டு கிடந்தது. மூன்றாவதில் மண் பாதித் தொட்டிக்கு இறங்கி, மேலே கோரை முளைத்திருந்தது. உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "காட்ல கீறதுங்களுக்கும் ஊடு வேணும் இல்ல" என்று சொல்லிவிட்டு ரயில்வே கார் ஷெட்டுக்கு வேலைக்குப் போனார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒன்றைச் சந்தேகப்படாமல் உள்ளே விட்டேன், அதற்கு இந்தக் கூலி.

அதிலிருந்து பிறந்ததுதான் என் பக்குவம். நீ பார்த்துப் பார்த்துச் சிரித்த பக்குவம். ஆவடியில் குடியிருந்தாலும் அமெரிக்காவில் குடியிருந்தாலும் தொட்டி வைத்தால் உனக்கு உதவும், அதனால் ஒழுங்காகச் சொல்கிறேன். காட்டு மண் வந்ததும் தொட்டியில் போடாதே. நிழலில் சாக்கு விரித்து அதன்மேல் கொட்டி, விரல் கனத்துக்குப் பரப்பு. கட்டிகளைக் கையால் உடை, கரண்டியால் உடைத்தால் உள்ளே இருக்கிற புழு கண்ணில் படாது. கல்லையும் தடித்த வேரையும் எடுத்துவிடு, மக்கிய இலையை எடுக்காதே, அதற்காகத்தான் காட்டுக்கே போகிறோம். அப்புறம் தண்ணீர் தெளித்து, ஈரக் கோணியால் போர்த்தி வை. தினமும் ஈரம் காயாமல் பார்த்துக்கொள். உள்ளே என்னென்ன ஒளிந்திருக்கிறதோ அதெல்லாம் தானாகத் தலை நீட்டும். கோரை, தும்பை, பேர் தெரியாத காட்டுச் செடி எல்லாம் வரும். வந்ததை வேரோடு பிடுங்கு. மறுபடி நனை, மறுபடி மூடு. இனி வர ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு வெயிலில் விரித்துக் காயவை. கரையானும் புழுவும் வெயிலுக்கு வெளியே வரும், காக்கை பார்த்துக்கொள்ளும். பிறகு சலித்து, மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு, கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு எல்லாம் கலந்து குவித்து வை. மணல் சேர்க்காவிட்டால் தண்ணீர் நிற்கும், வேர் அழுகும். குவியலை அவ்வப்போது புரட்டிவிடு. கை வைத்தால் சூடு இல்லை என்றால்தான் தொட்டிக்குத் தயார்.

மனிதர்களிடமும் நான் இப்படித்தான் இருந்தேன். புதிதாக யார் வந்தாலும் உடனே உள்ளே விட மாட்டேன். நல்லபடியாகப் பேசுவேன், காபி கொடுப்பேன், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று சும்மா கேட்டுக்கொண்டிருப்பேன். கேள்வி கேட்டால் ஜாக்கிரதையாகிவிடுவார்கள். பேசாமல் இருந்தால் அவர்களாகவே தலை நீட்டுவார்கள். உன் சித்தப்பா சீட்டுப் பிடிக்கிறேன் என்று வந்தபோது அப்படித்தான் கண்டுபிடித்தேன். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த வீட்டில் ஒருத்தராவது இப்படி இருக்க வேண்டியிருந்தது. உன் அப்பாவுக்கு வெளுத்ததெல்லாம் பால்.

அதற்குப் பிறகு நீ மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை மண் கொண்டுவந்தாய். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. போர்த்தி வைத்தால் நுணாவும் வேம்பும் தும்பையும் முளைக்கும், சரளை இருக்கும், அதே காளான் வாசனை வரும். மறு வருஷம் மழைக்கு முன்னால் ஒரு மூட்டை வந்தது. பிரித்ததுமே எனக்கு மூக்கு வேர்த்தது. செம்மண் இல்லை, கறுப்பு. சரளை ஒன்றுகூட இல்லை. மிருதுவாக, மாவு மாதிரி இருந்தது. மோந்தால் காளான் வாசனைக்குப் பதிலாக ஏதோ பழைய பூசை அறை வாசனை. "இது எங்க எடுத்த மண்ணுடா?" என்றேன். "பூண்டிதாம்மா. இந்த வாட்டி காட்டுக்குள்ள கொஞ்சம் தள்ளிப் போனோம்" என்றாய். என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாய். போய்விட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே வேறு வந்துவிட்டாய். பூண்டிக்குப் போய் மண் வெட்டிக்கொண்டு வருகிறவன் சட்டையில் வியர்வை இல்லை, புழுதி இல்லை, தலை சீவியபடியே இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. சாக்கு விரித்து, மண்ணைப் பரப்பி, ஈரக் கோணியைப் போர்த்தினேன்.

கட்டி உடைக்கும்போதே ஒன்று கிடைத்தது. வாழைநார். முடிச்சுப் போட்ட வாழைநார். காட்டில் யார் நார் கிழித்து முடிச்சுப் போடுகிறார்கள்? பூ கட்டுகிறவர்கள் போடும் முடிச்சு அது. அப்புறம் முளைக்க ஆரம்பித்தது. துலுக்கச் சாமந்தி. துளசி. நடுநடுவே கரும்பச்சையாக, வழவழப்பான இலையோடு ஒன்று. இலையைக் கசக்கி மோந்தேன், எலுமிச்சை. ஒன்றல்ல, அங்கங்கே நிறைய. உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "காட்ல எலுமிச்ச கெடையாதா இன்னா? நீ இன்னாத்துக்கு எப்பப் பாத்தாலும் மோந்து பாத்துகினே கீற?" என்றார். சாமந்தியும் துளசியும் எலுமிச்சையும் வாழைநாரும் ஒன்றாகச் சேருகிற இடம் எது என்று நான் அடுப்படியில் நின்று யோசித்தேன். பழைய மாலைகள் மக்குகிற இடம். அதிலும் எலுமிச்சம்பழ மாலை சாத்துகிற கோவில் பக்கம். நம்மைச் சுற்றி அப்படிப் பெரிய அம்மன் கோவில் திருவேற்காட்டில்தான் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன், அதன் விதையைச் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாய்.

அப்போது என் மனசு எங்கெல்லாம் போனது என்று சொன்னால் சிரிப்பாய். வேலையை விட்டுவிட்டானோ. வேதத்தை விட்டு மாறிவிட்டானோ. யாராவது சாமியாடியிடம் போய்க் கயிறு கட்டிக்கொள்கிறானோ. பெண் என்பது கடைசியில்தான் தோன்றியது. இன்னொரு கவலையும் இருந்தது. அந்த மண்ணில் வைத்த குரோட்டன்ஸ் முன்னெப்போதும் இல்லாத நிறத்தில் தழைத்தது. அந்த வருஷம் திருவிழாவுக்கு மாதா சுரூபத்துக்கு இரண்டு பக்கமும் அந்தத் தொட்டிகள்தான் நின்றன. அம்மனுக்குச் சாத்திய மாலை மக்கிய மண் மாதா காலடியில் இருக்கிறது என்பது அந்தக் கோவிலில் எனக்கு மட்டும்தான் தெரியும். பங்குச் சாமியாரிடம் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. மாதா ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நீ வாரா வாரம் போக ஆரம்பித்தாய். எனக்கு அவ்வளவு மண் தேவையே இல்லை. ஆனாலும், "இந்த வாரம் ஒரு மூட்ட கொண்டாடா" என்று நானே சொல்லி அனுப்பினேன். நீ அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாயே, அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று. மூட்டை வந்தால்தானே எனக்கு விவரம் வரும். நீ வாய் திறந்து சொல்லாததையெல்லாம் கோணிக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு மூட்டையில் புதிதாக ஒன்றைப் பார்த்தேன். பரப்பி வைத்த மண்ணில் ஒரே இடத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, திட்டாக முளைத்திருந்தது. எல்லாம் ஒரே ஜாதி, சிவந்த தண்டு. காற்றில் விழுந்த விதை இப்படி முளைக்காது. சாமந்தியும் எலுமிச்சையும் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைக்கும். இது யாரோ கையால் எடுத்துப் போட்டது. என் பிள்ளைக்கு யாரோ வசிய மருந்து வைக்கிறார்கள், வீட்டுக்கே ஏதோ செய்து அனுப்புகிறார்கள் என்று நினைத்தேன். ஜெபமாலை சொல்கிறவள் இப்படி நினைக்கலாமா என்று கேட்காதே, பயம் வந்தால் எல்லோரும் ஒன்றுதான். ஒன்று விடாமல் வேரோடு பிடுங்கி, ரயில் லைன் பக்கம் கொண்டுபோய் எறிந்தேன். மண்ணின்மேல் தீர்த்தம் தெளித்தேன். கொஞ்ச நாள் கழித்து இன்னொரு மூட்டையிலும் அதே சிவந்த தண்டு, அதே திட்டு. அதையும் பிடுங்கினேன். உன்னிடம் மூச்சு விடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வெறும் சாக்கோடு திரும்பி வந்தாய். "மண்ணு எங்கடா?" என்றேன். "காட்ல மண்ணு இல்லம்மா" என்றாய். காட்டில் மண் இல்லையாம். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். நீ கறிக்குழம்பைத் தொடவில்லை. தெருவே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது, நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். விஷயம் முற்றிவிட்டது, இனிமேல் சும்மா இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனதும், அம்பத்தூர் போய் பஸ் மாறித் திருவேற்காட்டில் இறங்கினேன். கோவில் பக்கத்துப் பூக்கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, கடைக்காரர்கள் கூப்பிடக் கூப்பிட, அவற்றின் பின்பக்கத்துச் சந்துக்குள் நுழைந்தேன். ஒரு வீட்டுக்குப் பின்னால் பெரிய குழி. மேலே வாடிய மாலைகள், நார், எலுமிச்சம்பழம். ஒரு பக்கம் வெட்டி எடுத்த இடத்தில் கறுப்பு மண். உட்கார்ந்து ஒரு கை அள்ளி மோந்தேன். அதேதான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நான் நினைத்த நேரத்தில், பின்னால் ஒரு குரல் என்னைப் பிடித்தது.

"இன்னாம்மா, குப்பைல கைய வுட்டுகினு கீறீங்க? இன்னா தேடறீங்க?"

திரும்பினேன். கையில் நாரும் மடியில் பூவுமாக ஒரு பெண். ஒல்லியாக, கண் மட்டும் பெரிதாக. மண் பார்க்கிறேன், தொட்டியில் செடி வைக்க என்றேன். அவள் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். கழுத்தில் சிலுவையைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும், நான் பால்காரனைப் பார்க்கிற பார்வை.

"நீங்க அண்ணனூரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப நெஜமாவே நீங்க கீறீங்களா?" என்றாள்.

நான் இருக்கிறேனா என்று இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்லை. என்னம்மா சொல்கிறாய் என்றேன். அவள் மடியில் இருந்த பூவை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள். "எங்க அம்மா செடிக்கு, எங்க அம்மா செடிக்குன்னு வாரா வாரம் மூட்ட கட்டிகினு போறாரு. எந்த அம்மாவுக்கு இவ்ளோ மண்ணு வேணும்? நான் நம்பல. போற வழில எங்கியாவது கொட்டிட்டு, என்னாண்ட பேசறதுக்குக் கத வுட்றாருன்னு நெனச்சேன். அதான் மூட்டைக்கு மேல கோழிக்கொண்ட வெத ஒரு புடி போட்டு அனுப்பினேன். அப்பால வந்தப்ப, உங்கம்மா தொட்டில புதுசா இன்னா மொளச்சுதுன்னு கேட்டா, ரோஜா துளுத்துச்சுன்றாரு. இன்னொரு வாட்டி போட்டேன். ஒண்ணும் மொளைக்கலன்றாரு. கோழிக்கொண்ட மொளைக்காம இருக்குமா? கல்லு மேல போட்டாலே மொளைக்கும். நேத்து மூட்டையும் குடுக்கல, பேச்சும் குடுக்கல. வர்ற ஞாயித்துக்கெழம வந்தா, இனிமே வராதன்னு சொல்லிடப் போறேன். பொய் சொல்றவனாண்ட எனுக்கு இன்னா பேச்சு?"

மகனே, அந்த இடத்தில் நான் நின்றதைக் கொஞ்சம் நினைத்துப் பார். நான் எதைத் தடுக்க வீட்டிலிருந்து கிளம்பினேனோ அது தானாக முடிந்துபோய் நின்றது. நான் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டாம். "ஆமாம்மா" என்றுகூடச் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினால் போதும். நீ இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாய், பிறகு சரியாகிவிடுவாய், நம் கோவிலிலேயே ஒரு பெண்ணைப் பார்த்திருப்பேன். காரணம் யாருக்கும் தெரிந்திருக்காது, உனக்கே தெரிந்திருக்காது. இதையெல்லாம் அந்தக் குழிக்கரையில் நின்று ஒழுங்காகவே யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொல்லி உன்னிடம் நல்ல பெயர் வாங்க மாட்டேன்.

ஆனால் அவள் "பொய் சொல்றவன்" என்றது எனக்குத் தாங்கவில்லை. என்னிடம் நீ பொய் சொன்னாய், வாரா வாரம் கூசாமல் சொன்னாய். அவளிடம் நீ சொன்னது அத்தனையும் உண்மை. உண்மை பேசிய இடத்தில் என் பிள்ளைக்குப் பொய்யன் என்று பெயர். உன்னைச் சந்தேகப்பட இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் உரிமை உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொருத்தி அதைச் செய்தபோது உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"மொளச்சுதும்மா" என்றேன். "ரெண்டு வாட்டியும் மொளச்சுது. நான்தான் புடுங்கிட்டேன்."

"எதுக்குப் புடுங்கினீங்க?"

"ஒரே எடத்துல திட்டா மொளச்சுது. யாரோ வேணும்னு போட்டு அனுப்பிச்சு கீறாங்கன்னு தோணிச்சு. இன்னா ஏதுன்னு தெரியாம ஊட்டுக்குள்ள எப்டி வுட்றது?"

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நான் சொன்னதை நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டு, "நானா இருந்தாலும் புடுங்கித்தான் இருப்பேன்" என்றாள்.

அதற்கு மேல் நாங்கள் அதிகம் பேசவில்லை. காபி கொடுத்தாள். நான் சர்க்கரை போதுமா என்று பார்க்கிற மாதிரி டம்ளருக்குள் பார்த்துவிட்டுக் குடித்தேன், அதையும் அவள் கவனித்தாள். கிளம்பும்போது, "நான் வந்தத அவனாண்ட சொல்லாத. தானா வந்து என்னாண்ட சொல்றானான்னு பாக்கறேன்" என்றேன். "நானும் அதத்தான் பாக்கணும்" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ விசில் அடித்துக்கொண்டு மூட்டையோடு வந்தாய், காட்டில் மறுபடியும் மண் வந்துவிட்டது என்று. நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. நீ வந்து சொல்ல இரண்டு வருஷம் ஆனது. கோரைக்கிழங்குகூட அதற்குள் பத்துத் தடவை தலை நீட்டியிருக்கும்.

இதுதான் நடந்தது. அம்மா ஏன் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாள் என்று கேட்டாயே, எதுவும் எனக்குச் சுலபமாக இருக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதுகொண்டுதான் வந்தேன், அது சந்தோஷ அழுகை இல்லை. ஆனால் நீ என்னிடம் கேட்டது போன மாதம்தான். நான் சம்மதம் சொன்னது அன்றைக்கே, அந்தக் குழிக்கரையில், அவளிடம்.

நீ இதை நம்ப மாட்டாய். அம்மா கதை கட்டுகிறாள், இதில் வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். தோன்றட்டும். நாளைக்கே திருவேற்காட்டுக்குப் போ. இந்தக் கடிதத்தைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கல்யாணப் பேச்சுக்கு முன்னால் அம்மா உன்னை எப்போதாவது பார்த்திருக்கிறாளா என்று மட்டும் சாந்தியிடம் கேள். அவள் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, பிறகு நான் எழுதியதோடு வரி வரியாக ஒத்துப் பார்.

உன் அம்மா